துப்பாக்கிச் சந்தைக்குப் போனோம்!

துப்பாக்கிக்குச் சந்தை கூடுகிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மாட்டுக்குச் சந்தை உண்டு, வாழைத்தாருக்குச் சந்தை உண்டு. துப்பாக்கிக்குமா என்று கேட்பீர்கள். உண்டு, சகோதரிகளே! நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கும் டெக்ஸாஸ் மாநிலத்தில் சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஓர் ஊரில் துப்பாக்கிச் சந்தை நடந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவில் டல்ஸா என்ற நகரத்தில் கூடுகிற சந்தையில் 4,000 மேஜைகளுக்கு மேல் போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறொன்றையும் தொட்டறியாத நான் அந்த மாதிரி இடத்துக்கு ஏன் போக வேண்டும்? அடுத்த வீட்டு அம்மாளுக்குத் துணையாகத்தான் போனேன்.

அந்த அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. நாங்கள் இந்த ஊருக்குக் குடி வந்த புதிதில், எந்தக் கடையில் நல்ல அரிசி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும், என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நாலு கடைக்கு அலைந்து தேடிக் கொடுத்தவர். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை வெகு தூரத்தில். போன வருஷம் வசந்த காலத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆலங்கட்டி மழை பெய்து எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கூரையை நாசமாக்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் உண்டு, வாஸ்தவம். ஆனால் முதல் சில ஆயிரம் டாலரை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மேல்தான் கம்பெனி கொடுக்கும். அம்மாள் கணக்குப் பார்த்ததில் கையில் இருந்தது போகச் சுமார் 2,000 டாலர் குறைந்தது.

அந்த இரண்டாயிரத்துக்காகத்தான் அலமாரியிலிருந்து துப்பாக்கி வெளியே வந்தது. 1951-ம் வருஷத்து வின்செஸ்டர். மாமனார் வாங்கியது, பிறகு கணவருடையது. சர்ச்சில் அவருக்குத் தெரிந்த ஒருவர், "இதே துப்பாக்கியைப் போன மாதம் சந்தையில் 2,200 டாலருக்கு வைத்திருந்தான். என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாள் உடனே தமது வரவு செலவு நோட்டில் வரவுப் பக்கத்தில் "துப்பாக்கி - 2,200" என்று எழுதிவிட்டார். நோட்டை எனக்குக் காட்டினார். அழகான கையெழுத்து.

பழைய கௌபாய்ப் படங்கள் பார்த்தவர்களுக்கு இந்தத் துப்பாக்கியை அடையாளம் தெரியும். விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்டு முடிந்த தோட்டாவின் கூடு வெளியே தெறித்து விழும். அடுத்த தோட்டா தானாகக் குழலுக்குள் ஏறிக்கொள்ளும். லீவர் துப்பாக்கி என்று பெயர். 1939-ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்ன் என்ற நடிகர் நடு ரோட்டில் நின்று இதை ஒற்றைக் கையால் சுழற்றுவாரே, அதேதான்.

இதில் நம்மைப் போன்றவர்களுக்கு வேடிக்கையான சமாசாரம் ஒன்று இருக்கிறது. ஆலிவர் வின்செஸ்டர் என்பவர் ஆதியில் துப்பாக்கிக்காரரே இல்லை. சட்டை தைத்து விற்றவர்! கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரில் ஆண்களுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலை வைத்துப் பணம் சேர்த்து, நொடித்துப்போன ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் அதைப் போட்டார். 1866-ல் கம்பெனி அவர் பெயருக்கு மாறியது. அவருடைய மருமகள் ஸாரா, மாமனாரும் கணவரும் அடுத்தடுத்து இறந்த பிறகு கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே என்ற ஊரில் வீடு கட்ட ஆரம்பித்து, 1922-ல் தாம் கண்ணை மூடும் வரை கட்டிக்கொண்டே இருந்தாராம். நூற்றறுபது அறைகள்! துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிக்குப் பயந்துதான் கட்டினார் என்று ஒரு கதை சொல்லுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. கொத்தனாரை வீட்டுக்குள் விட்டால் வேலை முடியாது என்பது நமக்குத் தெரியாததா?

அது கிடக்கட்டும். 1873-ல் இவர்கள் போட்ட துப்பாக்கி முதலில் சுமார் 50 டாலருக்கு விற்றது. 1882-ல் அதுவே 25 டாலருக்கு இறங்கிவிட்டது. ஏழை எளியவரும் வாங்கலாம் என்று ஆனதால் அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 25,000-க்கு மேல் செய்தார்களாம். அந்த 1882-ம் வருஷத்துத் துப்பாக்கிகளில் ஒன்று 2014-ல் நெவாடா மாநிலத்துக் காட்டில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாத்தி வைத்தபடியே அகப்பட்டது. யார் வைத்தார், ஏன் திரும்பி வரவில்லை, ஒன்றும் தெரியாது. கட்டையின் அடிப்பக்கம் மண்ணில் புதைந்து, வெயிலிலும் பனியிலும் மரத்தின் நிறமே ஆகிப்போய் நின்றிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

அம்மாளுடையது அதற்குப் பிந்திய 1894-ம் வருஷத்து மாதிரி. ஜான் பிரௌனிங் என்ற மேதை வகுத்துக் கொடுத்தது. மான் வேட்டைக்கு இதைவிடப் பிரசித்தமான துப்பாக்கி அமெரிக்காவில் கிடையாது. 2006-ல் நியூ ஹேவன் தொழிற்சாலையை மூடுகிற வரைக்கும் 70 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். இந்த எழுபது லட்சத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்குள் போனதும் தேவைப்படும்.

மாடு, குதிரை எல்லாம் கட்டிக் காட்டுகிற பெரிய கொட்டகையில் சந்தை. வாசலில் ஒரு போலீஸ்காரர் அம்மாளின் துப்பாக்கியை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, அது இயங்காதபடி ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கோத்து இறுக்கிக் கொடுத்தார். கையில் முத்திரை குத்தினார்கள். உள்ளே துப்பாக்கி எண்ணெய் வாசனை, தோல் வாசனை, பொரித்த சோள வாசனை. துப்பாக்கி மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். கத்தி, உலர்ந்த மாமிசத் துண்டுகள், மெழுகுவத்தி, காதுத் தோடு, எல்லாம் இருக்கிறது. பீச் பழ ஜாம் விற்ற ஒரு பெண்மணியிடம் என் பங்குக்கு ஒரு பாட்டில் வாங்கினேன். நன்றாகவே இருந்தது.

லீவர் துப்பாக்கிகள் மட்டும் சுமார் இருபது மேஜைகளில் கண்டேன். ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய விலைச் சீட்டு. 1,800, 2,000, 2,200, ஒன்றில் 3,500! யானை விலை, குதிரை விலை. பல சீட்டுகள் பழுப்பேறியிருந்தன. நம் ஜவுளிக் கடைகளில் எந்தப் புடவையின் சீட்டு பழுப்பேறியிருந்தால் அது எத்தனை நாளாய் விலை போகாமல் கிடக்கிறது என்று நமக்குத் தெரியுமல்லவா?

சீட்டு எழுதுகிறவர்களுக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. "64-க்கு முந்தியது" என்பது அதில் பெரிய மந்திரம். 1964-ல் வின்செஸ்டர் கம்பெனி செலவைக் குறைக்க எண்ணி, கடைந்து செய்த உறுப்புகள் சிலவற்றுக்குப் பதில் தகட்டில் அச்சடித்தவற்றைப் போட ஆரம்பித்தது. நம் பாட்டி காலத்துக் கனத்த வெண்கலப் பானைக்கும் பிற்காலத்துத் தகட்டுப் பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே முந்தியது உசத்தி. நியாயம்தான். ஆனால் முந்தியதும் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் இருக்கிறதே! "அபூர்வம், அபூர்வம்" என்று எழுதிய சீட்டுகளை நாலு மேஜைகளில் வரிசையாகப் பார்த்தால், அபூர்வம் எப்படி வரிசையில் வரும் என்று கேட்கத் தோன்றாதா?

நிஜமான அபூர்வமும் உண்டு. 1873 மாதிரியில், குழல் மிக நன்றாக அமைந்துவிட்டவற்றை மட்டும் பொறுக்கி 'ஆயிரத்தில் ஒன்று' என்று பெயர் பொறித்து 100 டாலருக்கு விற்றார்கள். (நம் எம்.ஜி.ஆர். படத்தின் பெயர் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.) அப்படிச் செய்தவை சுமார் நூற்று முப்பதுதான். 1950-ல் 'வின்செஸ்டர் 73' என்று ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த படம் வந்தபோது, மிஞ்சியிருப்பவை யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று படக் கம்பெனியே விளம்பரம் செய்து தேடியது. அதற்கு என்ன விலை சொன்னாலும் தகும். மேஜைக்காரர்களோ அந்தத் துப்பாக்கியின் கதையைச் சொல்லி, இந்தத் துப்பாக்கியின் சீட்டைக் காட்டுகிறார்கள்!

இன்னொரு பக்கம் மார்லின் என்ற கம்பெனியின் துப்பாக்கிகள். அவற்றில் குழலின் மேல் 'ஜே.எம்.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் விலை எகிறுகிறது. கம்பெனி 2007-ல் கைமாறத் தொடங்கி, 2011-ல் பழைய தொழிற்சாலையை மூடி, வேறிடத்தில் செய்த புதுச் சரக்குக்குக் கெட்ட பெயர் வந்தது. ஆகவே பழைய முத்திரை போட்டதற்குக் கிராக்கி. 2020-ல் வேறொரு நல்ல கம்பெனி வாங்கி, இப்போது நன்றாகவே செய்கிறது என்கிறார்கள். இருந்தாலும் ஏறின சீட்டு இறங்கக் காணோம்.

ஞாபகார்த்தத் துப்பாக்கிகளின் கதை பரிதாபம். பொன் முலாம், பதக்கம், அழகான பெட்டி. 1968-ல் 'பஃபலோ பில்' பெயரில் ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பேரன் காலத்தில் பெருந்தொகைக்குப் போகும் என்று நம்பி எத்தனையோ பேர் ஒரு தடவைகூடச் சுடாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். எல்லாருமே பத்திரமாக வைத்திருந்தால் அது எப்படி அருமைப் பொருளாகும்?

சரி, நம் கதைக்கு வருவோம். சர்ச் நண்பர் சொன்ன அந்த மேஜையைக் கண்டுபிடித்துவிட்டோம். அதே 2,200. வைத்திருந்தவர் ஆறடி உயரம், வெள்ளை மீசை, பரம மரியாதை. தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

"என்ன வேண்டும், அம்மணி?"

"வாங்க வரவில்லை, விற்க வந்தேன்" என்று அம்மாள் உறையைத் திறந்தார்.

அவர் துப்பாக்கியை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்புறத்தில் விரலால் தடவினார். "இங்கே புதுசாகத் துளை போட்டிருக்கிறதே?"

"என் வீட்டுக்காரர் போட்டார். கண் மங்கிப்போச்சு. குறி பார்க்க வேறு சாதனம் வைத்துக்கொண்டார்."

"கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறதே?"

"கிறிஸ்துமஸ் சமயம். நான்தான் அழுக்காயிருக்கிறது என்று சொன்னேன்."

அவர் பெருமூச்சு விட்டார். நீங்களும் நானும் வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால் நாலு பேர் மெச்சுவார்கள். இவர்கள் உலகத்தில் அதுதான் பெரிய குற்றம்! பழைய கறுப்பு பழைய கறுப்பாகவே இருக்க வேண்டும். குழலின் நீலப் பூச்சு தேய்ந்திருந்தால் தேய்ந்தபடி இருக்க வேண்டும். மறுபடி பூசினாலும், தேய்த்தாலும், துளைத்தாலும் விலை பாதியாகிவிடுமாம்.

"500 டாலர் தருகிறேன்" என்றார்.

எனக்குத் துணுக்கென்றது. "உங்கள் மேஜையில் 2,200 எழுதியிருக்கிறதே? இரண்டும் ஒரே மாதிரிதானே?" என்று கேட்டேன்.

"அது 64-க்கு முந்தியது, அம்மணி."

"இது 1951."

"அதில் துளை இல்லை."

"துளைக்கு 1,700 டாலரா?"

மனிதர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. மேஜை வாடகை, பெட்ரோல், இரண்டு நாள் ஓட்டல் செலவு எல்லாம் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. நகைக் கடையில் வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று ஏற்றுவதும், அதே நகையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அழுக்கு, அரக்கு என்று இறக்குவதும் நாம் பார்க்காததா? ஆனால் நகைக் கடையில் அன்றைய பவுன் விலை என்று ஒன்று பலகையில் எழுதியிருக்கும். இங்கே பலகை கிடையாது. பக்கத்து மேஜைக்காரர் 2,000 எழுதினால் இவர் 2,200 எழுதுகிறார். அதைப் பார்த்து எதிர் மேஜைக்காரர் தம் சீட்டைத் திருத்துகிறார். யாரும் வாங்கவில்லை என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மாள் ஒன்றும் பேசாமல் துப்பாக்கியை உறைக்குள் போட்டார். ஜிப்பு சிக்கிக்கொண்டது. நான் உதவப் போனேன். வேண்டாமென்று தலையை அசைத்தார்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கிழவர். அவர் மேஜையில் இரண்டே இரண்டு துப்பாக்கி. 3,500 சீட்டு அவருடையதுதான். "இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?" என்று என் கணவர் அவரிடம் மெதுவாகக் கேட்டார். கிழவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யாரும் வாங்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறேன்! வீட்டில் இடத்தை அடைக்கிறது, விற்றுவிட்டு வா என்கிறாள் என் சம்சாரம். கொண்டுபோனேன், யாரும் வாங்கவில்லை என்று சத்தியமாகச் சொல்லலாம் பாருங்கள்" என்றார். என் கணவர் அன்று முழுவதும் இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பரணில் இருக்கும் தமது பழைய ரேடியோக்களைப் பற்றி அவருக்கு ஏதோ யோசனை தோன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிளம்புகிற சமயத்தில் நடைபாதையில் ஒரு வாலிபன் எங்களை நிறுத்தினான். உறையைப் பார்த்து, "விற்கவா?" என்று கேட்டான். துப்பாக்கியைப் பார்த்தான். "900. ரொக்கம். இப்போதே" என்று பணத்தை எடுத்துவிட்டான்.

சட்டப்படி இதில் தப்பில்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் வியாபாரி விற்றால்தான், வாங்குகிறவனைப் பற்றி அரசாங்கத்தில் விசாரித்து, பாரம் பூர்த்தி செய்ய வேண்டும். தன் சொந்தத் துப்பாக்கியை அதே மாநிலத்துக்காரனுக்கு விற்கிற தனி மனிதரை டெக்ஸாஸில் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. பெயர்கூடக் கேட்க வேண்டியதில்லை.

அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வெளியே கடையில் வைத்து, பாரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுகிறாயா, தம்பி?" என்று கேட்டார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, "அவ்வளவு நேரம் இல்லை" என்று போய்விட்டான்.

காரில் வரும்போது என் கணவர், "பையனுக்கு நிஜமாகவே நேரமில்லாமல் இருந்திருக்கலாம்" என்றார்.

"இருந்திருக்கலாம். நல்ல முகம்தான்" என்றார் அம்மாள். "அந்தத் துப்பாக்கி எங்களுக்குக் கஷ்ட காலத்தில் மூன்று குளிர்காலம் சாப்பாடு போட்டது. அது யார் கையில் இருக்கிறதோ என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்க என்னால் முடியாது."

900 டாலர் தேவைப்படுகிற நேரத்தில் 900 டாலரை வேண்டாமென்று சொல்லுவது லேசான காரியமில்லை. கூரைக்காரன் வீட்டு வாசலில் நிற்கிறான். என் கணவர் அதைச் சாமர்த்தியக் குறைவு என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிதான்.

அடுத்த வாரம், எங்கள் ஊரிலேயே லைசென்ஸ் பெற்ற ஒரு கடைக்காரரிடம் போனோம். அவர் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி, இதே மாதிரித் துப்பாக்கிகள் ஏலத்தில் உண்மையாகவே பணம் கைமாறி முடிந்த விலைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எத்தனை கேட்டார்கள் என்பதல்ல. எத்தனை கொடுத்தார்கள் என்பது. துளை போட்டது, வார்னிஷ் அடித்தது எல்லாம் சேர்த்து 800-க்கும் 900-க்கும் நடுவில் என்றார். இருபது மேஜைகளில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம் இது! வீட்டில் பழைய பொருள் எதை விற்பதானாலும், சகோதரிகளே, முதலில் இதைக் கேளுங்கள்.

கமிஷன் பேரில் கடையில் வைத்தார். மூன்றாவது வாரம் 850-க்குப் போயிற்று. நூற்றுக்குப் பதினைந்து கமிஷன் போக 722 டாலர் 50 சென்டு செக்காக வந்தது. வாங்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பாரம் எழுதிக் கொடுத்து, விசாரணை முடிந்து வாங்கிப் போனார் என்று கடைக்காரர் சொன்னார். பெயர் சொல்லவில்லை, அம்மாளும் கேட்கவில்லை. "வாத்தியாரா? சரி" என்றார், அவ்வளவுதான்.

வரவு செலவு நோட்டில் 2,200-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் 722.50 என்று எழுதினார். பாக்கிக்குக் கூரைக்காரனிடம் ஆறு மாதத் தவணை பேசினோம். பேசியது நான். கத்தரிக்காய் பேரம் பேசிய பழக்கம், எந்த தேசத்திலும் கை கொடுக்கிறது.

இந்த வருஷம் சந்தை மறுபடி கூடியபோது, எனக்குப் பீச் ஜாம் வேண்டியிருந்ததால் போனோம். வெள்ளை மீசைக்காரர் அதே இடத்தில் இருந்தார். அதே துப்பாக்கியும் இருந்தது. சீட்டு மட்டும் புதிது: 2,400.